உன் பங்கு எண்ணெய்

பரமட்டா
நவம்பர் 29

அன்புள்ள தேஜுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மிருணாளினியும் குளிருக்கு அடக்கமாக, வேளைக்குச் சாப்பிட்டு, மனசுக்குக் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் காகிதமும் பேனாவும் என்று நினைப்பாய். ஃபோனில் எதைக் கேட்டாலும் நீ "எல்லாம் ஃபைன்மா" என்கிறாய், நானும் சரிம்மா என்கிறேன், அப்புறம் அங்கே மழையா இங்கே வெயிலா என்று நாலு வார்த்தை பேசி வைத்துவிடுகிறோம். காகிதத்தை நடுவில் வைத்துவிட்டுப் போக முடியாது. அதனால்தான் இது. லெரோஸ் தீவில் உங்கள் படகைத் தண்ணீரிலிருந்து ஏற்றி நிறுத்தியிருக்கும் பட்டறை விலாசத்துக்கே அனுப்புகிறேன், பொறுமையாக உட்கார்ந்து படி.

முதலில் இங்கத்திச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் பரவாயில்லை. உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் மோர்மிளகாய் டப்பாவைத் தேடுகிறார், நான் இடம் மாற்றி மாற்றி வைக்கிறேன். தெருவெல்லாம் ஜகரண்டா பூ உதிர்ந்து கிடக்கிறது, வாசலைப் பெருக்கி மாளவில்லை. கோயிலில் நாகலட்சுமி, என்னோடு பஜனைக்கு வருவாளே அவள்தான், பார்க்கும்போதெல்லாம் "பொண்ணு இன்னும் கப்பல்லதான் குடித்தனமா மாமி?" என்று கேட்கிறாள். கப்பல் இல்லை, பாய்மரப் படகு என்று நான் திருத்துகிறேன், திருத்திவிட்டு எனக்கே என்மேல் ஆச்சரியமாக இருக்கிறது. அதே கோயில் வாசலில் அப்பா போன மாதம் உங்கள் படகில் வந்து பார்த்த கிரேக்கத் தீவுகளைப் பற்றி எல்லாருக்கும் கதை சொல்கிறார், நீல ஜன்னல் வீடுகள், ஆலிவ் மரங்கள், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி என்று. தீபாவளிக்கு முந்தின நாளோடு கதையை நிறுத்திக்கொண்டு காரை எடுக்கப் போய்விடுகிறார்.

உன் வீட்டில் குடியிருக்கும் பழனிசாமியின் மனைவியைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். "உங்க பொண்ணு பிப்ரவரில திரும்பி வர்றாங்களாமே, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் என்று கிளம்பினீர்கள், முதல் வருஷம்கூட முடியவில்லை. அந்த வாரமே மாப்பிள்ளை ஃபோன் செய்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே, பாவம், நீ கடைக்குப் போயிருந்த சமயம் பார்த்து எடுத்திருக்கிறார். படகை விற்பதற்கு நீ ஆள் பார்த்துவிட்டாயாம், அவரிடம் ஒரு வார்த்தை, போட்டுடைத்த மாதிரி, "முடிஞ்சுது பிரதீப்" என்று சொன்னாயாம், அதற்கு மேல் பேச்சே இல்லையாம். "நீங்க சொன்னா கேப்பா அத்தை, விக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார். நான் சொன்னால் நீ என்றைக்குக் கேட்டிருக்கிறாய் என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

விற்காதே என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இந்தப் படகு யோசனை உனக்கு வந்த நாளிலிருந்து அதை எதிர்த்தவள் நான் ஒருத்திதான். நல்ல வேலைக்கு நீண்ட லீவு போட்டு, கட்டின வீட்டை வாடகைக்கு விட்டு, பள்ளிக்கூடம் போகிற குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு, கிரேக்க தேசத்தில் யாரோ ஓட்டிப் பழசான படகை வாங்கி அதில் தீவு தீவாகப் போவதாவது என்று உன்னிடம் ஒரு மாதம் பேசாமல்கூட இருந்தேன். அப்புறம் நீயே டிக்கெட் போட்டு அழைத்தாய், வந்தோம். வந்து பார்த்தால், அலை எந்தப் பக்கம் சாய்த்தாலும் தான் மட்டும் சாயாமல் தொங்குகிற அந்த அடுப்பு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. மிருணாளினி அவள் அப்பாவிடம் மேகத்தைக் காட்டிக் காற்றைச் சொல்லுகிறாள், எட்டு வயதில் மீனுக்குப் பயப்படாமல் தண்ணீரில் குதிக்கிறாள். நீ காலையில் தலையைக்கூட வாராமல் காபியோடு மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த சிரிப்பு அது. அப்பாவிடம் சொன்னேன், இவள் சரியாகத்தான் செய்திருக்கிறாள் என்று. உன்னிடம் சொல்லவில்லை. தீபாவளி முடிந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன்.

அந்தத் தீபாவளிக் காலையைப் பற்றி நம் ஐந்து பேரில் ஒருவரும் இன்றுவரை வாய்விட்டுப் பேசவில்லை. ஆளுக்கு ஒரு துண்டை மனசில் வைத்துக்கொண்டு அவரவர் பாட்டுக்கு நோகிறோம். அதனால் உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும் நான் பார்த்தது பார்த்தபடி எழுதிவிடுகிறேன். படகில் ஏறிய அன்றே மாப்பிள்ளை எங்களுக்கு விதிகளைச் சொல்லியிருந்தார், முன்பக்கம் போனால் ரப்பர் அடி வைத்த ஷூ போட்டுக்கொள்ள வேண்டும், வெயிலுக்குத் தடவும் கிரீமை மேல்தளத்தில் தடவவே கூடாது, சொட்டு விழுந்தாலும் தரை வழுக்கும் என்று. நான் கிரீம் தடவுவதே இல்லை, ஆகவே அந்த விதி எனக்கில்லை என்று நினைத்துக்கொண்டேன். கிரீம் வேறு, நல்லெண்ணெய் வேறு. தீபாவளிக்குத் தலையில் வைக்கிற எண்ணெயை வழுக்குகிற சாமான் என்று எந்த அம்மாவுக்கு நினைக்கத் தோன்றும் சொல். கீழே இருக்கும் குளியலறையோ நம் வீட்டுத் துணி அலமாரி அளவு. மேலேயே உட்கார்ந்து எண்ணெய் வைத்துக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கிக் கடலிலேயே ஒரு முழுக்கு போட்டுவிடலாம், இந்த வருஷம் கங்கா ஸ்நானம் மத்தியதரைக் கடலில் என்று அப்பா வேறு உற்சாகமாக இருந்தார்.

விடிந்தும் விடியாததுமாக, கீழேயே என் தலைக்கு வைத்துக்கொண்டு, மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய்க் கிண்ணத்தோடு மேலே வந்தேன். நங்கூரம் போட்டிருந்த அந்தச் சின்னக் குடாவில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. காற்று பிற்பகலில்தான் திரும்பும் என்று மாப்பிள்ளை முந்தின நாளே பார்த்து வைத்திருந்தார். மூத்தவர் என்று முதலில் அப்பாவை உட்கார வைத்தேன், அடுத்தது மாப்பிள்ளை. அவருக்கு அந்தக் கிரீம் விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஒரு நிமிடம் தரையைப் பார்த்தார். அப்புறம் சின்னப் பையன் மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்து, "எங்கம்மா போனதுக்கப்புறம் யாரும் எனக்கு எண்ணெய் வெச்சதில்ல அத்தை" என்று தலையைக் குனிந்தார். நான் என்ன செய்வேன். உச்சி குளிர, காது மடல் வரைக்கும், கை கால் வரைக்கும் வைத்தேன். அடுத்தது குழந்தை. அவளுக்கு உள்ளங்கால் வரை தேய்த்துவிட்டதும் கையை உதறிக்கொண்டு முன்பக்கம் ஓடினாள், தளத்தில் சின்னச் சின்னதாக எண்ணெய்க் காலடி விழுந்தது, கோகுலாஷ்டமிக்கு மாவில் போடுவோமே அந்தப் பாதம் போலவே. நான்தான் சொன்னேன், பாருங்கோ குட்டிக் கிருஷ்ணன் வந்துட்டுப் போறான் என்று. எல்லாரும் சிரித்தோம். பின்னால் படகைத் திருப்பும் சக்கரத்துப் பக்கம் நின்றிருந்த நீயும் சிரித்தாய். உன்னை உட்காரச் சொன்னதற்கு, "நான் கடைசியா வெச்சுக்கறேன்மா, நங்கூரத்தை ஒரு தடவை பாத்துட்டு வர்றேன்" என்றாய்.

காற்று அப்போது வந்தது. நாங்கள் பார்த்திராத பக்கத்திலிருந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி. படகு பின்னால் நகர்வது எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்துவிட்டது. "பிரதீப், நங்கூரம் இழுபடுது, ஓடு" என்று கத்தினாய். அவர் ஷூ இல்லாமல் எண்ணெய்க் காலோடு ஓடினார். முன்பக்கம் போய்ச் சேருவதற்குள் விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இப்போதும் சில சமயம் நான் குக்கர் மூடியைத் திறக்கும்போது காதில் விழுகிறது. வலியில் கத்தாமல் "செயின், செயின்" என்றுதான் அவர் சொன்னார். நீ எங்களை ஒரு பார்வை பார்த்தாய். அப்பா எண்ணெய், குழந்தை எண்ணெய், என் கை இரண்டும் எண்ணெய். "யாரும் எழுந்திருக்கக் கூடாது" என்று நீ சொன்னது உன் குரல் மாதிரியே இல்லை. குழந்தையை அப்பா மடியில் அழுத்தி உட்கார வைத்தாய். எஞ்சினைக் கிளப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சக்கரத்தைப் பிடிக்கச் சொன்னாய், என் கை வழுக்கியது. உடனே மூலையில் மஞ்சள் தடவி அப்பாவுக்கு வைத்திருந்த புது வேட்டியை இழுத்துச் சக்கரத்தில் சுற்றி, என் கையை எடுத்து அதன்மேல் வைத்து, "குன்று மேல வெள்ளையா ஒரு சர்ச் தெரியுதா? படகோட மூக்கு அதையே பாத்துண்டிருக்கணும், திரும்பாதேம்மா" என்று சொல்லிவிட்டு முன்னால் போனாய். நான் திரும்பவில்லை தேஜு. அது எந்தச் சாமியின் கோயிலோ, பெருமாளே பெருமாளே என்று அந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அவரை ஓரமாக இழுத்துக் கிடத்தியதும், நங்கூரச் சங்கிலி கடகடவென்று ஏறியதும் காதால்தான் கேட்டேன். பின்னால் பாறை எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்று அப்பா இன்றுவரை சொல்லவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

அங்கிருந்து துறைமுகம் வரைக்கும் உன் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மழை வந்து அடித்தது, நீ முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. ஆஸ்பத்திரி, அங்கிருந்து கோஸ் தீவு, கால் எலும்புக்குக் கம்பி வைத்தது, எல்லாவற்றையும் நீ ஒருத்தியே பார்த்தாய். ஒரு சொல் என்னைக் குறை சொல்லவில்லை. "உன்னால இல்லம்மா, விடு" என்றாய். அதுவும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். நீ திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். படகுக்குத் திரும்பியதும் நீ செய்த முதல் காரியம், பாத்திரம் துலக்கும் சோப்பைக் கொட்டித் தளம் முழுக்கத் தேய்த்தாய். முன்பக்கத்தில் அந்தச் சின்னக் காலடிகள் மழையிலும் முழுக்கப் போகாமல் மங்கலாக இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக, பல்லைக் கடித்துக்கொண்டு, திரும்பத் திரும்பத் தேய்த்தாய். குழந்தை ஏணிப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, குளிருமே என்று அவளைக் கீழே கூப்பிட்டுப் பால் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் தாத்தாவோடு வீடியோவில் பேசினாள். நான் சமையலறையில் இருந்தேன், பாட்டி இல்லை என்று நினைத்துக்கொண்டு பேசியிருக்கிறாள். படகை விற்கப் போகிறீர்களாமே என்று இவர் கேட்டிருக்கிறார், அதற்கு அவள், "இட்ஸ் மை ஃபுட்பிரின்ட்ஸ், தாத்தா. தட்ஸ் வை அம்மா இஸ் செல்லிங் தி போட்" என்றாள். அழவில்லை. சரித்திரப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி அமைதியாகச் சொன்னாள். அப்பா ஃபோனை என்னிடம் கொண்டு வந்து நீட்டினார், நான் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் அவள் பை சொல்லிவிட்டாள். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் எண்ணெய் வைத்தேன் என்று நான் நோகிறேன். விதி போட்ட நானே விதியை மறந்தேனே என்று மாப்பிள்ளை ஃபோனில் சொன்னார். அப்பாவுக்கும் ஒரு பங்கு வேண்டுமாம், கடல் ஸ்நானம் என்று ஆசை காட்டியது அவர்தானாம். உன் மனசில் இருப்பதையும் நான் சொல்கிறேன், தப்பானால் என்னைத் திட்டு. உனக்கு என்மேல் கோபமில்லை. நீதான் "ஓடு" என்று கத்தினாய், நீ கத்தியதால்தான் அவர் காலில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் ஓடினார் என்று உன்னையே போட்டு அரித்துக்கொண்டிருக்கிறாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு உன் வாய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்ததை நான் பார்த்தேன். நீ கத்தாமல் மெதுவாகப் போய் ஷூ போட்டுக்கொண்டு வா என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை எழுத நானும் இல்லை, படிக்க நீயும் இல்லை. கத்த வேண்டிய நேரத்தில் கத்தினாய். அவ்வளவுதான். பெரியவர்கள் நாம் நாலு பேரும் நம் நம் பங்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு உம்மென்று இருந்ததில், மிச்சம் இருந்ததையெல்லாம் எட்டு வயதுக் குழந்தை தன் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டுவிட்டது.

படகை விற்பதும் வைத்துக்கொள்வதும் உங்கள் இருவர் பாடு. இனி தண்ணீரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று விற்றால் அது நியாயம், காலுக்கு ஆகாது என்றால் அதுவும் நியாயம். விற்ற செய்தி கேட்டு முதலில் நிம்மதியாகத் தூங்கப் போவதும் நான்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி வாயை மூடிக்கொண்டு விற்காதே. அவளை மடியில் உட்கார வைத்து, அவள் அப்பாவும் பக்கத்தில் இருக்கும்போது, அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல். நாம் எல்லாரும் சிரித்தோம் என்பதையும் சொல். பாட்டி எண்ணெய் வைத்தாள், அப்பா ஷூ போடவில்லை, அம்மா கத்தினேன், காற்று சொல்லாமல் வந்தது, அம்மாதான் படகைக் கரை சேர்த்தேன் என்று உன் வாயால் சொல். கடைசியைச் சொல்லாமல் விழுங்கிவிடாதே. அவள் காலடியை நீ தேய்த்தது அவள்மேல் கோபத்தில் இல்லை என்று சொல். ஏன் தேய்த்தாய் என்று உனக்கே தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல், குழந்தைகளுக்கு அது புரியும். சொன்ன பிறகும் விற்கத் தோன்றினால் விற்றுவிடு. மனசு மாறி அங்கேயே இருந்துவிட்டால் பழனிசாமி வீட்டில் என்ன சொல்வது என்று கவலைப்படாதே, அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளையைக் காலைத் தொங்கப் போட்டு அதிக நேரம் உட்கார விடாதே. தீபாவளி லேகியம் படகில் அடுப்புக்கு மேல் அலமாரியில் நீல மூடி போட்ட பாட்டிலில் அப்படியே இருக்கிறது, ஆளுக்கு ஒரு உருண்டை சாப்பிட்டால் இந்தக் குளிருக்கு நல்லது, குழந்தைக்குப் பாதி போதும். அவளுக்குக் கம்பளிச் சட்டை ஒன்று பின்னிக்கொண்டிருக்கிறேன், கை மட்டும் பாக்கி. உங்கள் மூன்று பேருக்கும் பெருமாள் துணை இருக்க வேண்டும், மாப்பிள்ளை தன் காலில் ஊன்றி நடந்து வந்து எங்களுக்குக் கதவு திறக்க வேண்டும், என் பேத்தி மறுபடியும் ஓட வேண்டும், நீ தலை வாராமல் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். இதுதான் என் ஆசீர்வாதம். அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், அவருக்கு எழுத வராது, பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றே ஒன்று மறக்காதே. அன்றைக்கு ஐந்து தலையில் உன் தலை ஒன்றுதான் காய்ந்திருந்தது. உன் கால் வழுக்காததால்தான் நாங்கள் பிழைத்தோம். அதற்காகத் தினமும் பெருமாளுக்கு நன்றி சொல்கிறேன், சொல்லி வாயை மூடுவதற்குள், எல்லாருக்கும் வைத்துவிட்டுப் பெற்ற பெண்ணின் தலையைக் காய விட்டேனே என்று அதே பெருமாளிடம் முறையிடுகிறேன். கிண்ணத்தில் உன் பங்கு எண்ணெய் மிச்சம் இருந்தது. கொட்ட மனசு வரவில்லை, சின்னப் பாட்டிலில் ஊற்றித் துணியில் சுற்றி இங்கே கொண்டுவந்துவிட்டேன். விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. கெட்டுப் போயிருக்கும் என்கிறார் அப்பா. கெடவில்லை, தினமும் முகர்ந்து பார்க்கிறேன். நீ படகோடு இருந்து இளைப்பாற வந்தாலும் சரி, படகை விற்றுவிட்டு வந்தாலும் சரி, வந்ததும் முதலில் நம் குளியலறைத் தரையில் மணை போட்டு உட்கார். நான் மெதுவாகத்தான் தேய்ப்பேன். நடுவில் நீ எழுந்து ஓட வேண்டியதில்லை, யாரையும் கரை சேர்க்க வேண்டியதில்லை.

உன் அம்மா,
பத்மா